மேசிக்கு மாற்று இன்ஜின்

லாரிக்குச் சேசிஸ் உண்டு. இரண்டு நீளச் சட்டம். அதன்மேல் இன்ஜின், கேபின், பாரம் ஏற்றும் தொட்டி எல்லாம் உட்கார்ந்திருக்கும். இன்ஜினை இறக்கி வைத்தாலும் லாரி நான்கு காலில் நிற்கும். டிராக்டர் அப்படி நிற்காது. முன் அச்சு இன்ஜினின் மூக்கில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. இன்ஜினின் முதுகில் கியர்பாக்ஸ், கியர்பாக்ஸின் முதுகில் பின் அச்சு. தனியாகச் சட்டம் என்று ஒன்று இல்லை. இன்ஜினே சட்டம். அதை எடுத்தால் முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், நடுவில் வெறும் தரை.

ஹென்றி ஃபோர்டு 1917-ல் கொண்டுவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இப்படித்தான் வார்ப்பிரும்புக் கூடுகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்யப்பட்டது. சட்டத்துக்கான இரும்பு மிச்சம், விலையும் குறைவு. நம் வயலில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களுக்கு இன்றைக்கும் அதே உடம்புதான்.

நீடாமங்கலம் பக்கம் 31 வருஷமாக டிராக்டர் வேலை பார்க்கிறேன். கிளட்ச் தட்டு மாற்றுவதற்கென்று எத்தனை வண்டியை இரண்டாகப் பிரித்திருப்பேன் என்று கணக்கில்லை. இன்ஜினையே மாற்றிப் போட்ட வண்டிகள் மட்டும் ஒவ்வொன்றும் நினைவில் இருக்கின்றன. பழைய டிராக்டர் வைத்திருக்கிறவர்கள், "வேற இன்ஜின் போட்டுக்கலாமா?" என்று கேட்காத மாசம் இல்லை. போடலாம். எந்த இன்ஜின் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். அது வண்டியோடு சேருகிற இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேலை முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு நாள் வந்தது 1987 மாடல் மேசி 1035 டிராக்டர். பெரியவர் ஒருவர் புதிதாக வாங்கி, தன் கையாலேயே ஓட்டியது. இப்போது மகன் ஓட்டுகிறார். சித்திரை மாசம், கோடை உழவு. ரேடியேட்டருக்குக் கீழே போகிற ரப்பர் ஓஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டது. டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்து பல வருஷம் ஆகிறது. இன்ஜின் இழுக்கத் திணறி, தானாக நின்றபோதுதான் மகன் இறங்கிப் பார்த்திருக்கிறார். பதறிப்போய், பக்கத்து போர்செட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொதிக்கிற இன்ஜினில் ஊற்றிவிட்டார்.

யாரும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் சூடேறி நின்றால் விட்டுவிட்டு மர நிழலில் உட்காருங்கள். தொட்டால் கை பொறுக்கும் வரை காத்திருங்கள். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. ஒரு பக்கம் சட்டென்று சுருங்கினால் விரிசல்தான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஆயில் குச்சியை உருவினேன். நுனியில் பால் கலந்த காபி மாதிரி இருந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றி, நடு சிலிண்டரின் லைனரை வெளியே தள்ளிப் பார்த்தால், லைனர் உட்காருகிற சுவரில் மேலிருந்து கீழே ஒரு மயிரிழை. டீசலில் துணியை நனைத்துத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தடவினேன். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று எழுந்தது. உள்ளே நின்ற டீசல் கசிந்து வருகிற கோடு. ஒரு சாண் நீளம்.

பெரியவர் குனிந்து பார்த்தார். "பத்த வைக்க முடியாதா தம்பி?"

"வெளிப்பக்கம்னா ஒட்டித் தச்சுப் பாக்கலாங்கய்யா. இது வெடிக்கிற இடம். ஒரு சீசன்கூட நிக்காது."

வார்ப்பிரும்பில் கரிச்சத்து அதிகம். வெல்டிங் வைத்தால் வைத்த இடம் கண்ணாடி மாதிரி இறுகி, அதற்குப் பக்கத்தில் புது விரிசல் விடும். முழுப் பிளாக்கையும் அடுப்பில் பழுக்கச் சூடேற்றி, பற்றவைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர்கள் உண்டு. அப்படிச் செய்தாலும் மூன்று சிலிண்டரையும் திரும்பக் கடைந்தாக வேண்டும். புது டிராக்டர் என்றால் பல லட்சம். அவருக்கு நாலு ஏக்கர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை.

மகன் வேறு யோசனை வைத்திருந்தார். "அண்ணே, போடறதுதான் போடறோம், நாலு சிலிண்டர் போட்ருவமே. ரொட்டவேட்டரு நல்லா இழுக்கும்ல?"

இந்த ஆசை பலருக்கு இருக்கிறது. பொய்யான ஆசையும் அல்ல. இங்கிலாந்தில் 1940-களின் கடைசியில் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரில் பெர்கின்ஸ் கம்பெனியின் ஆறு சிலிண்டர் பி6 டீசல் இன்ஜினைத் தொழிற்சாலையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். பெட்ரோலில் ஓடிய சின்ன ஃபெர்குசன் வண்டிகளுக்கு, 1950-களில் அதே பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் பி3 டீசலை மாற்று இன்ஜினாக, வேண்டிய தட்டு, பிராக்கெட்டோடு செட்டாக விற்றது. மேசி ஃபெர்குசன் 35 வண்டியே முதலில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் நாலு சிலிண்டர் டீசலோடுதான் வந்தது. குளிரில் அது கிளம்பச் சிரமப்படும் என்று பேர். மேசி ஃபெர்குசன் 1959-ல் பெர்கின்ஸையே விலைக்கு வாங்கியது. அதற்குக் கொஞ்ச காலத்திலேயே அந்த 35-க்கு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் வந்துவிட்டது. 152 கன அங்குலம், இரண்டரை லிட்டர். ஆக, மாற்று இன்ஜின் போடுவது டிராக்டர் பிறந்த வீட்டிலேயே நடந்த காரியம்தான்.

ஆனால் அவர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்கள். 35 குதிரைத்திறனுக்கென்று செய்த கியர்பாக்ஸில் 50-ஐ விட்டால் பல்சக்கரமும் பின் அச்சில் இருக்கிற கிரவுனும் எத்தனை நாள் தாங்கும்? நாலு சிலிண்டர் இன்ஜின் நீளமும் கூட. முன் அச்சு முன்னே தள்ளிப்போகும். ஸ்டீயரிங் கம்பிகள் எட்டாது, பானெட் மூடாது. அவ்வளவையும் இழுத்து நீட்டினால் பிரேக் மட்டும் பழைய பிரேக்காகவே இருக்கும். மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு மனசு வரவில்லை. "அண்ணன் சொல்றதக் கேளுப்பா" என்று பெரியவர் முடித்துவைத்தார்.

அதே குடும்பத்து இன்ஜின்தான் தேட வேண்டும். இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னை அண்ணா சாலையில் சிம்சன் ஸ்டாப் என்று இறங்குகிறோமே, அந்த சிம்சன் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்தது. பிறகு பெர்கின்ஸ் வடிவமைப்பில் டீசல் இன்ஜின் செய்தது. அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்தில் 1960-ல் வந்ததுதான் மேசி செய்யும் டாஃபே. ஆகவே மேசியில் இருக்கிற இன்ஜினுக்கு உறவுக்காரர்கள் நம்மூரில் நிறைய: ஜெனரேட்டரில், பம்பில், கம்ப்ரசரில்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு நெல் அரவை மில்லில். 2012-ல் கரண்ட் கட் உச்சத்தில் இருந்தபோது மில்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கிப்போட்ட ஜெனரேட்டர். கரண்ட் சீரானதும் அது மூலைக்குப் போய்விட்டது. மேலே தவிட்டுத் தூசி ஒரு விரல் கனம். முதலில் நம்பர் பார்த்தேன், பிறகு பில் கேட்டேன். மில்காரர் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன். ஓடாமல் கிடந்த இன்ஜினை உடனே ஸ்டார்ட்டர் போட்டுச் சுற்றக் கூடாது. சிலிண்டரில் துரு இருந்தால் ரிங் உடையும். மூன்று நாசிலையும் கழற்றி ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, புல்லியில் நீளக்கம்பி போட்டுக் கையால் சுற்றினேன். இரண்டாம் சுற்றில் இறுக்கம் விட்டது. ராக்கர் மூடியைத் திறந்தால் ஆயில் மண்டி கறுத்திருந்தாலும் துருவில்லை. கீழே இறக்கி ஒரு பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். சாம்பல் நிறம் சீராக இருந்தது, கீறலில்லை. எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

இனி மேசியைப் பிரிக்கிற வேலை. முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் தொங்குகிறது; மேடு பள்ளத்துக்கு ஏற்ப இரண்டு பக்கமும் ஆடுவதற்காக. வண்டியைப் பிரித்த நிமிஷத்தில் அந்த ஆட்டமே ஆபத்து. முன்பாதி முழுசும் பக்கவாட்டில் சாய்ந்து ஆளை அமுக்கிவிடும். அதனால் பிரிப்பதற்கு முன்பே, அச்சுக்கும் மேலே அதைத் தாங்குகிற கொம்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தாக வேண்டும். என் பட்டறையில் அதற்கென்று கருவேல ஆப்பு நாலு இருக்கிறது. அதை வேறு எதற்கும் யாரும் தொடக் கூடாது. ஆப்பு அடித்து, கியர்பாக்ஸுக்கு அடியில் குதிரை ஸ்டாண்ட் வைத்து, டீசல் டாங்க், பேட்டரி, ஒயர், இரண்டு பக்கத்து ஸ்டீயரிங் கம்பி எல்லாம் கழற்றி, சுற்றி இருக்கிற போல்ட்டுகளை எடுத்தால், முன்பாதி தன் சக்கரத்திலேயே உருண்டு விலகும்.

விலகினால் உள்ளே கிளட்ச் கூடு தெரியும். அதன் மேல்சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு தேதி: 14.9.96. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியின் கையெழுத்து. கிளட்ச் தட்டு மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே தேதி போட்டுவிட்டு மூடுவது அவர் பழக்கம். 9-ன் வாலை நீளமாக இழுப்பார். அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா, அவருதான் பண்ணாரு. மழ பேஞ்சுச்சு அன்னைக்கி" என்றார்.

பழைய இன்ஜினையும் ஜெனரேட்டர் இன்ஜினையும் பக்கம் பக்கமாகக் கட்டையில் வைத்தோம். ஒவ்வொன்றும் 200 கிலோவுக்குக் குறையாது. செயின் பிளாக் இல்லாமல் அசைக்க முடியாது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஜெனரேட்டர் இன்ஜின் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே வேகத்தில் ஓடப் பிறந்தது. வெளியே மாட்டியிருப்பது அத்தனையும் அதற்குத் தகுந்த மாதிரி.

ஃபேனைப் பாருங்கள். டிராக்டரில் ஃபேன் முன்னாலிருந்து காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்கும். இந்த ஜெனரேட்டரில் இன்ஜின் பக்கத்துக் காற்றை ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளியது. அதே ஃபேனை மேசியில் மாட்டினால் சூடு இறங்காது. ஓட்டுகிறவருக்குக் காரணமும் பிடிபடாது. மேசியின் ஃபேனை எடுத்து மாட்டினோம்.

டீசல் பம்பும் அப்படித்தான். நம் வீட்டுக் கரண்ட் 50 சைக்கிள். அதற்கு நாலு துருவ ஜெனரேட்டர் நிமிஷத்துக்குச் சரியாக 1500 சுற்று ஓட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதன் கவர்னர் அந்த ஒரு வேகத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். டிராக்டருக்கு மெதுவான ஓட்டமும் வேண்டும், ரோட்டில் டிரெய்லரோடு போகிற ஓட்டமும் வேண்டும். பின்னால் பி.டி.ஓ. தண்டு கருவியைச் சுற்றும் வேகம் 540 என்பது இன்ஜின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. அதனால் மேசியின் சொந்தப் பம்பையே சர்வீஸ் செய்து, டைமிங் கோடு பார்த்துப் போட்டோம்.

இனி வருவதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையும். ஆயில் தொட்டி.

ஜெனரேட்டருக்கு ஆயில் தொட்டி தகரம். அது ஆயிலைப் பிடித்து வைத்தால் போதும். மேசிக்கு அது கனமான வார்ப்பிரும்பு. முன் அச்சின் பாரமும் வரப்பு ஏறும்போது விழுகிற குத்தும் அதன் வழியாகத்தான் பின்னால் போகின்றன. ஆகவே பழைய தொட்டி புது இன்ஜினுக்கு வர வேண்டும். தொட்டி மாறினால் ஆழம் மாறும். ஆயிலை உறிஞ்சுகிற குழாயும் பழைய இன்ஜினிலிருந்தே வர வேண்டும். இதை மறந்தால் குழாய் காற்றை உறிஞ்சும், பேரிங் பத்து நிமிஷத்தில் போகும்.

தொட்டியை மாட்டும்போது அதன் பின்முகமும் இன்ஜின் பிளாக்கின் பின்முகமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் பின் தட்டில் போய் அமர்கின்றன. போல்ட்டை விரலால் மட்டும் முடுக்கி, இரும்பு ஸ்கேலைப் பிளாக்கிலிருந்து தொட்டி வரைக்கும் நிமிர்த்திப் பிடித்து, பின்னால் டார்ச் அடிப்பேன். ஸ்கேலுக்கடியில் வெளிச்சம் தெரிந்தால் மட்டமில்லை. மரச் சுத்தியலால் ஒரு தட்டு. திரும்பவும் ஸ்கேல், திரும்பவும் டார்ச். அன்றைக்கு இடது ஓரத்தில் நூல் மாதிரி வெளிச்சம் விடாமல் நின்றது. ஃபீலர் கேஜில் மெல்லிய தகடு உள்ளே போயிற்று. இறக்கிப் பார்த்தால் தொட்டி விளிம்பில் பழைய கேஸ்கட்டின் துண்டு ஒன்று ஒட்டிக்கிடந்தது, நகக்கண் அளவு. சுரண்டி எடுத்து மாட்டினேன். வெளிச்சம் அடைபட்டது.

இவ்வளவு பாடு ஏன் என்று பக்கத்திலிருந்த பட்டறைப் பையன் கேட்டான். காரணம் இருக்கிறது. தனியாகப் பட்டறை போட்ட இரண்டாம் வருஷம், ஸ்கேல் வைக்காமல் கண்பார்வையில் ஒரு தொட்டியை மாட்டினேன். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியோடு போல்ட்டை இறுக்கினால், இரும்பு எந்நேரமும் இழுபட்டபடியே இருக்கும். மூன்று வாரம் கழித்து வரப்பு ஏறும்போது தொட்டி குறுக்கே பிளந்து, ஆயில் முழுக்க நாற்றங்காலில் கொட்டிவிட்டது. அந்த உழவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்ஜினை என் செலவில் செய்து கொடுத்தேன். அவர் நாற்று அந்த மூலையில் கருகிப்போனதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பின் தட்டு, ஃப்ளைவீல், இரண்டடுக்கு கிளட்ச் எல்லாம் மேசியுடையவை. கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால் பின்னால் சுற்றுகிற கருவியும் நிற்கும். அதற்காக இரண்டு தட்டு. மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் கிராங்கை அது முன்னால் தள்ளும். ஜெனரேட்டர் கிராங்க் அப்படியொரு மிதியை வாங்கியதே இல்லை. அந்தத் தள்ளலைத் தாங்குகிற வாஷர்களைப் புதிதாகப் போட்டேன். ஃப்ளைவீல் நடுவில் இருக்கிற சின்ன பேரிங்கும் புதுசு. ஃப்ளைவீலை மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். முள் கிட்டத்தட்ட அசையவில்லை.

சேர்க்கிற அன்றைக்குப் பட்டறையில் பேச்சு இருக்காது. கியர்பாக்ஸிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு வருகிற பல் வெட்டிய இரண்டு தண்டுகள் தத்தம் கிளட்ச் தட்டில் நுழைந்து, உள்தண்டு அந்தச் சின்ன பேரிங்கில் போய் உட்கார வேண்டும். முன்பாதியைத் தள்ளிக்கொண்டே வந்தோம். ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடுகிறார்கள். இழுத்தால் இடைவெளி மூடும். உள்ளே கிளட்ச் தட்டின் நடுப்பகுதி நொறுங்கியிருக்கும். நான் பையனைப் பின்னால் அனுப்பி, பி.டி.ஓ. தண்டைக் கையால் மெல்லத் திருப்பச் சொன்னேன். கால் சுற்று. கையில் ஒரு சின்ன நழுவல் தெரிந்தது. இடைவெளி தானாக மூடிக்கொண்டது. அதற்கு முன்பே மேஸ்திரியின் தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதியிருந்தேன்.

ஆயில் ஊற்றி, டீசல் வராமல் பிடித்துக்கொண்டு, ஆயில் மீட்டர் முள் ஏறும் வரைக்கும் ஸ்டார்ட்டரில் சுற்றினோம். அப்புறம் ஏர் எடுப்பது: ஃபில்டரில், பம்பில், கடைசியாக நாசில் குழாய்களில். நுரையாக வந்த டீசல் தெளிந்து வந்தது. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. பெரியவர் புகையைப் பார்க்கவில்லை, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

காகித வேலை ஒன்று பாக்கி. டிராக்டரின் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. இன்ஜின் மாறினால், மோட்டார் வாகனச் சட்டப்படி 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து நம்பரைத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு டிரெய்லரோடு ரோட்டில் ஒன்று நடந்தால், புத்தகத்தில் ஒரு நம்பரும் வண்டியில் ஒரு நம்பரும் இருந்தால் யார் என்ன சொல்ல முடியும்? மில்காரர் பில்லை நான் முதலிலேயே கேட்டு வாங்கியது இதற்குத்தான். மகன் மறுவாரமே போய் எழுதி வாங்கி வந்தார்.

50 மணி நேரம் ஓடியதும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஆடி மாசம், சக்கரத்தில் சேறு காயாமல் வந்து நின்றார்கள். சுற்றுப் போல்ட்டுகளை டார்க் ஸ்பானரால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கின. தொட்டிக்கு அடியில் துணியால் துடைத்தேன், கசிவில்லை. ஆயிலைச் சூடாக இறக்கி, விரலில் தொட்டு வெயிலில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. மினுக்கு ஒன்றுகூட இல்லை.